மூன்று வாரமாகத் தூண்டில் நரம்புச் சிக்கு தாங்கவில்லை: ரீலை மாற்றணுமா?

புதுத்தூண்டில்:
வணக்கம். தூண்டில் பிடிக்க ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது. ராடு, ரீல், நரம்பு, முள் எல்லாம் ஒரே பையில் வருகிற மலிவு செட் வாங்கினேன். மடக்கி நீட்டுகிற 6 அடி ராடு. ரீலில் அளவு 1000 என்று போட்டிருக்கிறது. குளத்தங்கரையில் நின்று தக்கை போட்டுப் பிடிப்பதோடு சரி, கடல் பக்கம் போகும் எண்ணமில்லை.

ஐந்து முறை வீசினால் மூன்று முறை நரம்பு கொத்தாகக் கழன்று வந்து முதல் வளையத்திலேயே உருண்டையாகச் சிக்கிக்கொள்கிறது. நேற்று ஒரு மணி நேரம் சிக்கெடுப்பதிலேயே போனது. கூட வந்த என் எட்டு வயது மகள் பாவம், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சிக்காத நேரத்தில் தக்கை நன்றாக ஆடுகிறது, சுண்டி இழுத்தால் வெறும் முள்தான் வருகிறது, புழுவைக் காணோம்.

பெரிய ரீல் வாங்கச் சொல்கிறார்கள், பிரெய்டு (இழைகளைப் பின்னிய நரம்பு) போடச் சொல்கிறார்கள். அதிகம் செலவு செய்ய வசதியில்லை. எதை முதலில் மாற்றலாம்?

கரைக்காற்று:
ரீலுக்குக் காசு போடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நரம்பின் தடிமன் என்ன? ஸ்பூலில், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளையில், எவ்வளவு நிரம்பியிருக்கிறது? முள் எத்தனாம் நம்பர்? எவ்வளவு ஈயம் கட்டுகிறீர்கள்? வீசியதும் ரீலின் கம்பியை (வீசும் முன் திறந்துவிடுகிற வளைந்த கம்பி) எப்படி மூடுகிறீர்கள்?

புதுத்தூண்டில்:
நரம்பு 0.40 மி.மீ. என்று அட்டையில் இருக்கிறது. ஸ்பூலின் விளிம்பு தெரியாத அளவுக்கு நிரம்பியிருக்கிறது. முள் 1/0. மிளகு அளவில் ஒரே ஒரு ஈயக்குண்டு. கைப்பிடியைச் சுற்றினால் கம்பி தானாக மூடிக்கொள்கிறது, அப்படியே விட்டுவிடுகிறேன்.

கரைக்காற்று:
அப்படியென்றால் ரீலின் மேல் தப்பில்லை.

0.40 நைலான் அந்தச் சின்ன ஸ்பூலுக்கு ரொம்பத் தடிமன். சிறிய உருளையில் சுற்றிக் கிடந்த தடித்த நரம்பு அந்த வளைவை மறக்காது. ஒரு முழம் உருவித் தளர விட்டுப் பாருங்கள், ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிற்கும். விளிம்புக்கு மேலும் நிரம்பியிருந்தால், வீசும்போது ஒரு சுற்றுக்குப் பதில் நாலைந்து சுற்று சேர்ந்தே கழன்று ஓடிவரும். அதுதான் உங்கள் உருண்டை.

0.20 அல்லது 0.25 நைலான் ஒரு சுருள் மட்டும் வாங்குங்கள். உங்கள் பட்டியலில் அவசியமான செலவு இதுதான். சுற்றும்போது நரம்பை ஈரத்துணியால் பிடித்து, சற்று இறுக்கமாகவே ஏற்றுங்கள். பத்துப் பதினைந்து சுற்று ஏறியதும் நிறுத்தி நரம்பைத் தளர்த்துங்கள். முறுக்கிக்கொண்டால் கடைச் சுருளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தொடருங்கள். விளிம்புக்கு 2 மி.மீ. கீழே இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் போடலாம் என்று ஆசை வரும், போடாதீர்கள்.

கம்பியைக் கையால் மூடுங்கள். மூடியதும் நரம்பை விரலால் லேசாக இழுத்து, தொய்வை எடுத்துவிட்டுச் சுற்றுங்கள். தொய்வோடு சுற்றினால் ஸ்பூலில் ஒரு வளையம் தூக்கிக்கொண்டு நிற்கும், அடுத்த வீச்சில் அதுதான் சிக்கும்.

எடையையும் கவனியுங்கள். ராடின் கைப்பிடிக்கு மேலே 5–20 கிராம் என்பது போல எழுதியிருக்கும். தக்கையும் ஈயமும் சேர்ந்து அந்தக் கணக்குக்குள் வரணும். மிளகு ஈயத்தை வைத்து வீசினால் ராடு வளையவே வளையாது. பலத்தையெல்லாம் கையால் போடுவோம், நரம்புதான் அலங்கோலமாகும்.

அப்புறம் முள். 1/0 உங்கள் குளத்துச் சின்ன மீனின் வாய்க்குள் போகாது, வெளியே தொங்கும் புழுவைக் கொத்திக்கொண்டு போய்விடும். முள் நம்பர் கூடக்கூட முள் சிறியது: 10ஐ விட 6 பெரியது, 6ஐ விட 1 பெரியது. 1ஐத் தாண்டி 1/0, 2/0 என்று வந்தால் கணக்கு மாறி, நம்பரோடு முள்ளும் பெரிதாகும். உங்களுக்கு 8 அல்லது 10 போதும். முழுப் புழு வேண்டாம், ஒரு சின்னத் துண்டு, முள்ளின் முனை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி.

தக்கைப்பிரியன்:
குழந்தையும் கூட வருகிறாள் என்பதால் சொல்கிறேன்: அவளுக்கு ரீலே வேண்டாம். வளையம் எதுவும் இல்லாத நீளக்கம்பு ஒன்று, 3 அல்லது 4 மீட்டர். நுனியில் கம்பின் நீளத்துக்கே நரம்பு, தக்கை, இரண்டு ஈயமணி, 10 நம்பர் முள். அவ்வளவுதான். சிக்க அதில் ஒன்றுமில்லை. கரையோரப் புல்லை ஒட்டியே நிறைய மீன் மேயும், தூரம் போடணும் என்று கட்டாயமில்லை. நான் இன்றும் பாதி நாள் இப்படித்தான் பிடிக்கிறேன். பெரிய மீன் மாட்டினால் விட்டுப்பிடிக்க நரம்பு இருக்காது, அது ஒன்றுதான் குறை.

கரைக்காற்று:
முழுக்கச் சம்மதம். ஆனால் நீளக்கம்பைத் தூக்கும் முன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். கார்பன் கம்பில் மின்சாரம் பாயும். குழந்தைக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பிரெய்டு இப்போதைக்கு வேண்டாம். தளர்வாகச் சுற்றினால் தனக்குள்ளேயே புதைந்துகொள்ளும், சிக்கினால் எடுப்பது நைலானை விடக் கஷ்டம், விரலையும் அறுக்கும். நைலான் கொஞ்சம் இழுபடும், அதனால் புதியவர் பதறிச் சுண்டினாலும் தாங்கும்.

புதுத்தூண்டில்:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். 0.22 சுற்றினேன், முள்ளை 10ஆக மாற்றினேன். காலை முழுக்க வீசினேன், சிக்கு ஒரே ஒரு முறைதான், அதுவும் கம்பியைக் கையால் மூட மறந்தபோது. கம்புத் தூண்டிலில் மகள் ஐந்து மீன் எடுத்தாள்! எனக்குப் பெரிதாக ஒன்று மாட்டியது, கரைக்கு வந்த நேரத்தில் நரம்பு அறுந்துவிட்டது. அறுந்த முனை பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தது.

கரைக்காற்று:
மனசு குளிர்ந்தது. அப்படிச் சுருண்டிருந்தால் பெரும்பாலும் முடிச்சு நழுவியிருக்கும். ஐந்தாறு சுற்றுப் போட்டு, இறுக்கும் முன் எச்சிலால் நனைத்து, மெதுவாக இழுங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்கிற சூட்டில் நைலான் பலம் குறையும். ரீலின் முன்பக்கத் திருகையும் முழுக்க முறுக்கி வைத்திருந்தீர்களா?

புதுத்தூண்டில்:
ஆமாம், கடைசி வரைக்கும் முறுக்கியிருந்தேன்.

கரைக்காற்று:
தளர்த்துங்கள். நரம்பின் தாங்குபலத்தில் கால்வாசி இழுப்புக்கே ஸ்பூல் சுழன்று விட்டுக்கொடுக்கணும். 8 பவுண்டு நரம்பென்றால் 2 பவுண்டு, ஏறக்குறைய 900 கிராம். தராசுக் கொக்கியில் நரம்பைக் கட்டி இழுத்துப் பார்த்தே வைத்துக்கொள்ளலாம்.

புதுத்தூண்டில்:
நாளைக்கே பார்க்கிறேன். இன்னொன்று, மகள் மீனையெல்லாம் திரும்ப விடச் சொல்கிறாள். முள்ளைக் கழற்றும்போது வாய் கிழிகிறது.

தக்கைப்பிரியன்:
முள்ளின் உள்பக்கக் கொடுக்கைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள், வந்த வழியே சுலபமாக வெளியே வரும். மீனைத் தொடும் முன் கையை நனைக்கச் சொல்லுங்கள்.