ஹெச்பிவி பாசிட்டிவ், சிகரெட் பழக்கமும் இருக்கிறது: எவ்வளவு பயப்பட வேண்டும்?

தாரணி34:
போன வாரம் வந்த ரிப்போர்ட்டில் ஹெச்பிவி 16 (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸின் 16ஆம் வகை) பாசிட்டிவ், பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ச் செல்களைப் பார்க்கும் டெஸ்ட்) நார்மல். கல்லூரிக் காலத்திலிருந்து தினமும் நாலைந்து சிகரெட் பிடிக்கிறேன். அம்மா பக்கத்திலேயே இருந்ததால் டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. சிகரெட் நுரையீரலைத்தானே கெடுக்கும், கருப்பை வாய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? திட்டாமல் சொல்லுங்கள்.

நர்ஸக்கா:
நிறையவே சம்பந்தம் இருக்கிறது தோழி. புகையில் உள்ளவை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகின்றன, புகைப்பவர்களின் கருப்பை வாய்ச் சளியிலேயே நிகோடினைக் கண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் வைரஸை அடையாளம் காட்ட லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்று உண்டு. சிகரெட் பிடிப்பவர்களுக்கு அவை குறைந்துவிடுகின்றன. பெரும்பாலான பெண்களுக்கு ஹெச்பிவி ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும், போகாமல் வருடக்கணக்கில் தங்கினால்தான் புற்றுநோய் வரை போகும், சிகரெட் அதைத் தங்கவிடுகிறது.

வாசகன்_கோவை:
ஸ்வீடனில் 2006இல் வந்த ஆய்வு ஒன்றைப் பாருங்கள். ஹெச்பிவி 16 அதிக அளவில் இருந்த பெண்களுக்கு, புற்றுநோயின் ஆரம்ப நிலை வரும் வாய்ப்பு வைரஸ் இல்லாதவர்களைவிட எத்தனை மடங்கு என்று கணக்கிட்டார்கள். புகைக்காதவர்களில் சுமார் 6 மடங்கு, புகைப்பவர்களில் சுமார் 27 மடங்கு.

மீனா_தி:
27 என்றதும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஒப்பீடுதான், உங்களுக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் ஆகும், அதற்குள் தடுக்க நிறைய வழி இருக்கிறது. ஆனால் 16ஆம் வகை என்றால் பாப் ஸ்மியர் நார்மலாக இருந்தாலும் கால்போஸ்கோபி (கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் செய்யும் பரிசோதனை) பார்க்கச் சொல்வார்கள், தள்ளிப்போடாதீர்கள். தனியாகப் போய் சிகரெட் விஷயத்தையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ப்ளீஸ். வீட்டில் வேறு யாராவது புகைத்தால் அவர்களையும் வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள்.

தாரணி34:
நன்றி. கால்போஸ்கோபிக்கு நாள் கேட்டிருக்கிறேன், தனியாகத்தான் போகிறேன். இப்போது தடுப்பூசி போட்டால் இந்த வைரஸ் போய்விடுமா?

நர்ஸக்கா:
போகாது. ஏற்கெனவே வந்த தொற்றை ஊசி குணப்படுத்தாது, இன்னும் வராத மற்ற வகைகளைத்தான் தடுக்கும். போடலாமா என்று அன்றைக்கே கேளுங்கள். சிகரெட்டை விடுவதற்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம்.