புதுப்பிப்பு: கனமான கிதாரின் எடைக் குறைப்பு

என் லெஸ் பால் வகை (கிப்சன் நிறுவனத்தின் கனமான மர உடல் மாடல்) எலக்ட்ரிக் கிதார் தோளை முறிக்கிறது, பெயின்ட்டைத் தொடாமல் எடையைக் குறைக்க வழி உண்டா என்று கேட்டிருந்தேன். துத்தநாகக் கலவை டெயில்பீஸை (உடலில் கம்பிகளின் முனையைப் பிடித்திருக்கும் பாகம்) எடுத்துவிட்டு அலுமினியம் போட்டேன். அலுமினியத்தின் அடர்த்தி அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் குறைந்த எடை 100 கிராமுக்கும் கீழேதான்.

எடையெல்லாம் மரத்தில்தான். 1980களில் கிப்சனே உடலின் மஹோகனி மரத்தில் துளையிட்டு, மேலே மேப்பிள் பலகையை ஒட்டி மூடியது. ஒட்டி முடித்த உடலில் அது எப்படி நடக்கும்? ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிதார்) என்றால் பிக்கார்டுக்கு (உடலின் முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் தகடு) அடியில் குடைந்து மறைத்துவிடலாம்.

அப்புறம், உடலை மட்டும் இலகுவாக்கினால் கழுத்து கீழே சாயும். அதனால் அடுத்து கழுத்தின் நுனியில் இருக்கும் ட்யூனர்களை (சுருதி சேர்க்கும் திருகுகள்) இலகுவானவையாக மாற்றப் போகிறேன். இப்போதைக்கு அகலமான ஸ்ட்ராப்தான் (நிஜமாகவே உதவுகிறது).