கடல் எதுவரை ஏறும்னு காட்டுற லைட் கோடு, நம்ம குமரிக் கரைக்கு சரிப்படுமா?

தூத்தூர்_பயல்:
ஸ்காட்லாந்துல லாக்மேடின்னு ஒரு ஊரு. அங்க 2018ல பெக்கா நீட்டிவிர்டா, டிமோ அஹோன்னு ரெண்டு பின்லாந்துக் கலைஞருங்க கட்டட செவுத்துல நீளமா எல்இடி கோடு போட்டிருக்காங்க, வேலியேத்தத்துல கடல்தண்ணி ஏறும்போ சென்சார் வழியா எரியும், பிற்காலத்துல கடல் எதுவரை ஏறும்னு அந்தக் கோடு காட்டும். போட்டோ பாத்ததுலேந்து எங்க கிளப் பசங்களுக்கு இங்கயும் செய்யணும்னு ஒரே ஆசை. கடலரிப்பு தடுக்க கல்லு போட காசில்ல, இதுல லைட்டு ஒரு கேடான்னு ஒருத்தன் கேக்கான். செய்யலாமா? சென்சார் எது வாங்க?

வயர்மேன்_மார்த்தாண்டம்:
ஒலிய அனுப்பி தண்ணி எவ்வளவு தூரம்னு அளக்க சாதா அல்ட்ராசோனிக் சென்சார் வாங்காதீங்க, வாட்டர்ப்ரூஃப் டைப் பாருங்க. அதுவும் நுரை தெறிச்சா தப்பு ரீடிங் காட்டும், பத்து ரீடிங் எடுத்து நடு மதிப்ப எடுக்க மாதிரி புரோகிராம் எழுதுங்க. சர்க்யூட் போர்ட எப்பாக்சி பசைல முக்கிருங்க, உப்புக்காத்துல செம்பு சீக்கிரமே பச்ச பிடிச்சிரும்.

கொளச்சல்காரி:
மக்கா ஐடியா கொள்ளாம், ஆனா அப்படியே காப்பியடிச்சா இங்க வேலைக்காவாது. அங்க கடல் ஏறி எறங்குகது மீட்டர் கணக்குல, நம்ம கரைல ஒரு மீட்டரே தேறாது. நம்மள அடிக்கது அலையாக்கும். கள்ளக்கடல் வருதுல்லா, இங்க காத்தும் இருக்காது மழையும் இருக்காது, எங்கயோ தெக்க இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச புயல்ல கெளம்புன அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து ரோட்டுல ஏறும். 2024 மே மாசம் லெமூர் பீச்ல அஞ்சு டாக்டருக்கு படிக்க பிள்ளைய போச்சே, அதுகளுக்கு கடலப் பாத்து என்ன தெரிஞ்சிருக்கும்? கடல் எச்சரிக்கை விடுக மத்திய அரசு நிறுவனம் இன்காய்ஸ் இருக்குல்லா, அதோட அலர்ட்ல நம்ம குமரிக் கரைக்கு நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரைன்னு அலை உயரம் போடுவான்லா, அதோட ஒங்க லைட்ட கோத்து விடுங்க. கோடு எவ்வளவு ஒசரத்துலன்னு வயசானவங்கள்ட்ட கேளுங்க, 2004 சுனாமித் தண்ணி எதுவரை வந்துதுன்னு எங்க பாட்டி இப்பவும் ஜன்னல் கம்பில கைய வச்சுக் காட்டும்.

வல்லவிளை_ராஜா:
எனக்கு இதுல பெரிய நம்பிக்கை இல்ல. 2015ல பாரிஸ் காலநிலை மாநாட்டப்போ ஓலாஃபர் எலியாசன்னு ஒரு கலைஞர் கிரீன்லாந்துலேந்து 12 பெரிய பனிக்கட்டி கொண்டாந்து நடுரோட்டுல உருக விட்டாரு, அதுக்கான கார்பனே 30 டன்னுன்னு அவங்களே கணக்கு சொன்னாங்க. போட்டோ நல்லா இருந்துது, பொறவு? 2017 ஒக்கி புயல்ல நம்ம ஆளுங்க செத்தது நடுக்கடல்ல. செவுத்துக் கோடு அத எங்க காட்டும்?

கொளச்சல்காரி:
@வல்லவிளை_ராஜா ஒக்கி விஷயம் சரிதான் அண்ணா. அதுக்குத்தான் அலர்ட்டோட கோக்கச் சொல்லுகேன். நாலு ஸ்ட்ரிப் லைட்டுக்கு பனிக்கட்டி செலவு வராது.

ஆமைக்காவல்:
ஒண்ணு மறந்துட்டீங்க. சனவரிலேந்து பங்குனி ஆமை முட்டையிட கரையேறும், குஞ்சு பொரிச்சா வெளிச்சம் இருக்க பக்கம் போகும், கடலுக்குப் போகாம ரோட்டுக்கு வந்து சாகும். வெள்ள லைட்டு வேண்டவே வேண்டாம். சிவப்பு போடுங்க, மணல்ல வெளிச்சம் விழாம ஊர்ப்பக்கம் திருப்புங்க, அலர்ட் இல்லாத ராத்திரி அணைச்சே போடுங்க.

தூத்தூர்_பயல்:
செரி, வேலியேத்த சென்சார விட்டாச்சு. இன்காய்ஸ் அலர்ட்ட புரோகிராமுக்குள்ள எடுக்க வழி தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க. சுனாமித் தண்ணி நின்ன எடத்த வீடு வீடா சாக்பீஸ்ல குறிக்க ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கெளம்புகோம்.