கலைச்சொல்: காசின்மேல் ஏறும் பச்சை. நல்லதற்கு எது, கெட்டதற்கு எது?

அன்பர்களுக்கு வணக்கம்.

ரோமானியக் காசு சேர்ப்போருக்கான சொற்பட்டியலில் இரண்டு பதிவுகள் இழுபறியாகவே நிற்கின்றன. ஒன்று 'பாட்டினா' (patina), காசின்மேல் கெட்டியாகப் படிந்து காக்கும் படலம். மற்றது 'பிரான்ஸ் டிசீஸ்' (bronze disease), காசைத் தின்றுகொண்டே போகும் அரிப்பு. இப்போதைக்கு இரண்டுக்கும் எதிரே 'களிம்பு' என்றுதான் இருக்கிறது.

சிறிய தொகையில் சேர்ப்பவர் கைக்கு வருபவை பெரும்பாலும் நான்காம் நூற்றாண்டுச் செப்புக்கலவைக் காசுகள். இரு வீரர் நிற்கும் 'குளோரியா எக்ஸர்சிடஸ்', ஓநாய் பாலூட்டும் 'ஊர்ப்ஸ் ரோமா', 348க்குப் பிறகு வந்த, குதிரைவீரன் குத்துப்பட்டு விழும் 'ஃபெல் டெம்ப்' ஆகியவை. விட்டம் 15 முதல் 20 மி.மீ. எழுத்து வாசிக்கக் கூடியதே பத்து, இருபது பவுண்டுக்குள் கிடைக்கிறது. ஒரே தட்டில், ஒரே விலையில், இரண்டும் பச்சையாக இருக்கும். ஒன்று அப்படியே நிலைத்துக் கிடக்கும். மற்றது ஒரு மழைக்காலத்தில் உருவம் இழக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் அந்தப் பட்டியலால் என்ன பயன்?

*

> இரண்டுக்கும் எதிரே 'களிம்பு'

முதலாவதற்குக் 'களிம்பு' இருக்கட்டும், இரண்டாவதற்கு 'வெண்கல நோய்' என்று போட்டுவிடலாம். நேரடியான சொல். இதற்கு இத்தனை மடல் வேண்டியதில்லை.

*

ஐயா, 'வெண்கல நோய்' ஒத்துவராது. வெண்கலத்துக்கு மட்டும் வருவதல்ல அது. தூய செம்பிலான 'ஆஸ்' காசுக்கும் வரும், துத்தநாகம் கலந்த பித்தளைச் 'செஸ்டர்டியஸு'க்கும் வரும். 'நோய்' என்றால் தொற்றுமோ என்ற பயம் வேறு. பக்கத்துக் காசுக்கு அது கிருமிபோல் தாவுவதில்லை. ஒரே பெட்டியில் நாலைந்து காசு கெட்டால், எல்லாவற்றிலும் உப்பு இருந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே ஈரம் கிடைத்திருக்கிறது என்றுதான் பொருள். ஆங்கில ஒலியை அப்படியே வைக்கலாமென்றால், நம் எழுத்தில் அது பிரான்ஸ் நாட்டு நோயாகிவிடுகிறது!

நடப்பது இதுதான். மண்ணில் கிடந்த காலத்தில் குளோரைடு உள்ளே புகுந்து, உலோகத்தை ஒட்டிச் செம்புக் குளோரைடாக அடங்கிக் கிடக்கிறது. மேலுள்ள படலம் விரிசல் விட்டாலோ, யாராவது சுரண்டினாலோ, காற்றும் ஈரமும் அதைத் தொடுகின்றன. உடனே வெளிர்பச்சைப் பொடியும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகின்றன. அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி செம்புக் குளோரைடைத் தருகிறது. ஈரம் உள்ளவரை இந்தச் சுழற்சி நிற்காது. பொடிக்கு இடம் அதிகம் வேண்டும் என்பதால் படலத்தைத் தூக்கிவிடும். அடியில் குழி விழும்.

காரணம் உப்பு. ஆகவே என் பரிந்துரை 'உப்புக்களிம்பு'.

*

'உப்புக்களிம்பு' எனக்குப் பிடித்திருக்கிறது. சுவரில் உப்புப் பூப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். 'பூஞ்சணம்' என்றும் ஒருவர் தனிமடலில் சொன்னார். அது உயிருள்ளதைச் சுட்டும், வேண்டாம்.

ஆனால் பாட்டினாவுக்குக் களிம்பு என்பதை நான் ஏற்கவில்லை. வீட்டில் பித்தளைக் குடத்தில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்க்கிறோம். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பே உவமை. அதாவது தமிழில் களிம்பு என்றாலே போக்க வேண்டியது. புதிதாகச் சேர்க்க வந்தவர் 'இந்தக் காசில் நல்ல களிம்பு' என்று படித்தால் புளியைத்தான் தேடுவார். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே அமிலம். பச்சைப் படலம் கரைந்து, செந்நிறத் தோல் தெரியும். எழுத்துகளின் விளிம்பு பல காசுகளில் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. 294ஐ ஒட்டி ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் வெளியிட்ட பெரிய செப்புக் காசுகளுக்கு மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு உண்டு. அமிலத்தில் அதுவும் உரிந்து போகும்.

தவிர, மருந்துக்கடைக்குப் போனால் களிம்பு என்பது தோலில் தடவுவது.

*

> தமிழில் களிம்பு என்றாலே போக்க வேண்டியது

சரியான இடத்தைத் தொட்டீர்கள் அம்மா. இன்னொன்றும் சேர்க்கிறேன். பாட்டினா பச்சை மட்டுமல்ல. ஆற்றுப்படுகைக் காசில் கறுப்பு, வேறு மண்ணில் பழுப்பு, செங்காவி. களிம்பு என்றால் பச்சைதான் நினைவுக்கு வரும். 'காப்புப்படலம்' என்று வைத்தால் நிறமும் கட்டுப்படுத்தாது, வேலையையும் சொல்லும்.

*

காப்புப்படலம் என்றால் நாம் பூசுகிற மெழுகு, அரக்கு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? கடைசியில் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைப் பூசுகிறோமே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

*

பூசுவது 'பூச்சு'. தானே விளைவது 'படலம்'. இந்த வேறுபாட்டைப் பதிவிலேயே ஒரு வரியில் எழுதிவிடலாம்.

விளக்கக் குறிப்பில் வாங்குபவர் கையாளத்தக்க சோதனையும் இருக்கட்டும். பச்சை மூன்று வகை. மூங்கில் குச்சியால் தொட்டால் கெட்டியாக, மினுமினுப்பாக இருந்து பெயராதது காப்புப்படலம். வெளிர்ந்து, மாவுபோல் உதிர்ந்து, அடியில் குழி காட்டுவது உப்புக்களிம்பு. பிசுபிசுவென்று குச்சியில் ஒட்டுவது, பழைய பி.வி.சி. உறையிலிருந்து கசிந்த பிசுக்கு. அசிட்டோனில் கழுவினால் போய்விடும். அசிட்டோனில் பச்சை நிறமே கரைந்து வந்தால் அது சாயம், போலிப் படலம். விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? மூடிய டப்பாவில் நனைத்த பஞ்சும், அதைத் தொடாதபடி காசும் ஒரு நாள் இருக்கட்டும். புதுப் புள்ளிகள் எழுந்தால் உப்பு உள்ளே உயிரோடு இருக்கிறது. சுத்தம் செய்யாத காசுகளைக் கும்பலாக வாங்குபவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

*

மருத்துவத்தையும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் ஆலிவ் எண்ணெயில் ஊறப்போடுவார்கள். எண்ணெயின் கொழுப்பமிலம் செம்பை மெல்லத் தின்னும். எண்ணெய் புகுந்த காசில் பிறகு நீர்க்கரைசல் இறங்கவும் மறுக்கும்.

முதலில் பொடியை ஊசியால், பெருக்காடிக்குக் கீழே, குழிவரை எடுக்க வேண்டும். பிறகு, உள்ளிருக்கும் குளோரைடை வெளியேற்ற, சோடியம் செஸ்குவிகார்பனேட் 5 விழுக்காட்டுக் கரைசலில் ஊறல். கடையில் அந்தப் பெயரில் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் வடிநீரில் நீரற்ற சலவைச் சோடா 23 கிராம், ஆப்பச் சோடா 19 கிராம். குழாய்த் தண்ணீர் ஆகாது, அதிலேயே குளோரைடு உண்டு. வாரம் ஒருமுறை மாற்றுங்கள், மாதக்கணக்கில் ஆகலாம். எப்போது நிறுத்துவது என்பதற்குப் பழைய கரைசலில் கொஞ்சம் எடுத்து, முதலில் நைட்ரிக் அமிலம் விட்டு நுரை அடங்கியபின், இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட். வெண்கலங்கல் வந்தால் இன்னும் குளோரைடு வருகிறது. அமிலம் விடாமல் சோதித்தால் கார்பனேட்டே வீழ்படிவாகி ஏமாற்றும். பலரும் தவறுவது இங்கேதான். இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு: நீண்டநாள் ஊறினால் நீலம் கலந்த பச்சைப் படிவு புதிதாக ஏறி, படலத்தின் நிறத்தை மாற்றலாம்.

பிறகு வடிநீரில் பலமுறை அலசி, அசிட்டோனில் நீர் நீக்கி, செம்பின் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோலை எத்தனாலில் 3 விழுக்காடு கரைத்து, அதில் ஒரு நாள். கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது, நச்சு. உலர்ந்தபின் மெழுகோ பாரலாய்டோ.

*

இத்தனை செலவு பத்துப் பவுண்டுக் காசுக்குத் தாங்காது. சிறு முதலில் சேர்ப்பவருக்கு உண்மையான மருத்துவம் உலர்வுதான். ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் உப்புக்களிம்பு அடங்கிக் கிடக்கும். சென்னையிலும் கொழும்பிலும் அறையின் காற்றில் அதற்கு வழியே இல்லை. காற்றுப் புகாத பாலிபுரொப்பிலீன் டப்பா, ஒரு சிறு ஈரமானி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். ஜெல்லின் நிறம் மாறியதும் 110 பாகை செல்சியஸில் இரண்டு மணிநேரம் சூடாக்கினால் ஜெல் மீளும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, காசின்மேல் படவிடாதீர்கள்.

*

பதிவு இப்படி முடியலாமா?

காப்புப்படலம்: உலோகத்தின் மேல் தானே விளைந்து, கெட்டிப்பட்டு, மேலும் அரிக்காமல் காக்கும் படலம். எந்நிறமும் ஆகலாம்.

உப்புக்களிம்பு: செம்புக் கலவையில் குளோரைடால், ஈரத்தில், தொடர்ந்து நிகழும் அரிப்பு, அதன் வெளிர்பச்சைப் பொடி. வினை: உப்புக்களிம்பு பூத்தல்.

*

சரி. சேர்த்தே எழுதுங்கள், 'உப்புக் களிம்பு' என்று பிரித்தால் தேடலில் மருந்துக்கடைதான் வரும். அடுத்தது 'ஃப்ளான்'. முத்திரை குத்துவதற்கு முந்திய வெற்று உலோகத்துண்டு. 'வெறுவில்லை' என்று தொடங்கி வைக்கிறேன்.