மருத்துவச் சட்டம், ஒழுக்கவியல் முதுமாணி: படித்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நான் கொழும்பில் வைத்தியராக வேலை செய்துகொண்டே எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மருத்துவச் சட்ட, ஒழுக்கவியல் எல்.எல்.எம். (சட்ட முதுமாணி) படிப்பை இணையவழியில் முடித்தேன். சட்டம் முன்பின் படித்ததில்லை. தீர்ப்புகளை வாசிக்கப் பழகுவதற்கே முதல் பருவம் போய்விட்டது.

மனதில் நிற்பது மொன்ட்கொமரி வழக்கைக் கதைத்த நாள். மொன்ட்கொமரி நீரிழிவுள்ள, உயரம் குறைந்த ஸ்கொட்லாந்துத் தாய். நீரிழிவுள்ள தாய்மாருக்குப் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கும் வாய்ப்பு 9 முதல் 10 வீதம். சொன்னால் சிசேரியன் கேட்பார்கள் என்று நினைத்து, வைத்தியர் அந்த ஆபத்தைச் சொல்லவில்லை. குழந்தை மூளைப் பாதிப்புடன் பிறந்தது. அந்த நோயாளியின் நிலையில் இருக்கும் ஒருவர் எந்த ஆபத்தை முக்கியமாக எடுப்பாரோ அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. சொல்வதே நோயாளிக்குக் கடும் தீங்காகும் என்றால் விலக்கு உண்டு.

அந்த விலக்கைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் வார்டில் மகன்மார் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "கேன்சர் எண்டு அம்மாட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ டொக்டர், தாங்கமாட்டா" என்பார்கள். இது தீங்கைத் தவிர்ப்பதுதானே என்று வாதாடினேன். விரிவுரையாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தாங்கமாட்டேன் என்று அம்மா சொன்னாரா, மகன் சொன்னாரா?"

இப்போது பரிசோதனை முடிவு வருமுன்பே கேட்டுவிடுகிறேன்: "அம்மா, வருத்தத்தைப் பற்றி உங்களோட கதைக்கவா, மகனோட கதைக்கவா?" மகனோடு கதையுங்கோ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சரி, அது அவர்கள் எடுத்த முடிவு. மகன்மாருக்குத்தான் கோபம் வரும்.

பதில்:

நான் சட்டத்தரணி. நானும் இதே துறையில் முதுமாணி செய்தேன், ஆனால் என்னை உலுக்கியது நம் நாட்டு வழக்கு. பிரியானி சொய்சா (குழந்தை வைத்தியர்) எதிர் அர்சகுலரத்ன (பிள்ளையின் தகப்பன்). மூளைத்தண்டில் கட்டி இருந்த சிறுமிக்கு வாதக் காய்ச்சல் சார்ந்த வேறு நோய் என்று சிகிச்சை நடந்தது. பிள்ளை 1992இல் இறந்தது. தகப்பனுக்கு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டில் அது வெகுவாகக் குறைந்தது. 2001இல் உயர் நீதிமன்றத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை. கவனயீனம் இருந்தது, ஆனால் அதனால்தான் மரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். போதாததற்கு, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் நம் ரோமன் டச்சுச் சட்டத்தில் அப்போது இந்த வகை வழக்கில் பணநட்டத்துக்குத்தான் ஈடு கிடைத்தது. பிள்ளையை இழந்த துயரத்துக்குக் கிடைக்கவில்லை.

வகுப்பில் வைத்தியர்கள் தீர்ப்பு சரி என்றார்கள்: அந்தக் கட்டியை நேரத்துக்குக் கண்டுபிடித்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாதாம். மருத்துவமாக அது உண்மையாக இருக்கலாம். நான் அந்தத் தகப்பன் பக்கம்தான் நின்றேன், இன்னும் நிற்கிறேன். வைத்தியர்களோடு ஒரே வகுப்பில் இருக்காவிட்டால் இந்தச் சண்டையே வந்திருக்காது. சேர நினைப்பவர்கள் இரண்டு தரப்பும் படிக்கிற வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள்.