தலையாட்டி பொம்மை பார்சல்: 1.4 கிலோவுக்கு 9 கிலோ பில்

தஞ்சாவூர் நாட்டியப் பொம்மை. தராசில் 1.4 கிலோ, பெட்டி 40×30×30 செ.மீ. 2 கிலோ என்று போட்டுக் கஸ்டமரிடம் கூரியர் காசு வாங்கியாச்சு. இப்போ கூரியர்காரங்க 9 கிலோவுக்கு என் வாலட்டில் (முன்பணக் கணக்கில்) பிடித்திருக்கிறார்கள். மிச்சத்தைக் கஸ்டமரிடம் கேட்கலாமா?

பதில் 1
கேட்காதீங்க, தப்பு நம்ம பக்கம். செ.மீ.யில் நீளம்×அகலம்×உயரம்÷5000, இதுதான் கன அளவு எடை; இதுவும் தராசு எடையும் எது அதிகமோ அதுக்குத்தான் பில். உங்க பெட்டிக்கே 7.2 கிலோ, அரைக் கிலோ அரைக் கிலோவா மேலே ஏத்தும் ஸ்லாப்பில் 7.5. அப்புறம் ஏன் 9? பேப்பரைத் திணித்துப் பெட்டி உப்பியிருக்கும். 42×32×32 ஆனாலே 8.6 வந்துடும்.

பதில் 2
உப்பலைன்னா கூரியரிடம் எடைத் தகராறு (டிஸ்ப்யூட்) புகார் போடுங்க. மூன்று பக்கமும் டேப் வைத்து, லேபிள் தெரியுற மாதிரி போட்டோ வேணும். கெடு சில நாள்தான், இன்னிக்கே போடுங்க. பெட்டியை ஒட்டின பிறகு போட்டோ எடுக்காம அனுப்பியிருந்தா விட்டுடுங்க, நிற்காது.

அடுத்த தடவை பொம்மையின் நாலு பாகத்தையும் கழற்றிப் படுக்க வைங்க. 35×25×20 போதும், 3.5 கிலோ. தலையை மட்டும் தனியாச் சுத்துங்க, கம்பி வளைஞ்சா ஆடாது.

பதில் 3
நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கு இது தலைகீழ்: தராசு எடைதான் ஜெயிக்கும். ரேட் பார்க்கும்போது 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கான்னும் பாருங்க.