1914 கிறிஸ்துமஸ் சமாதானம்: அதைப் போர் எதிர்ப்பு என்று சொல்லலாமா?

கரிசல்காடு:
முதல் உலகப் போரின்போது, 1914 டிசம்பர் 24 இரவு, பெல்ஜியத்தின் ஈப்ரெ நகரை ஒட்டிய போர்முனையில் ஜெர்மானிய வீரர்கள் அகழி விளிம்பில் மெழுகுவத்தி ஏற்றிய சிறு மரங்களை நிறுத்திப் பாடினார்கள். மறுநாள் ஜெர்மானியர், பிரிட்டிஷார் என இரு தரப்பினரும் ஆயுதமின்றி, இரு பக்க அகழிகளுக்கும் இடைப்பட்ட நடுவெளிக்கு வந்து, புகையிலையையும் சட்டைப் பொத்தான்களையும் மாற்றிக்கொண்டார்கள். மண்டியிட்டிருந்த ஜெர்மானியர் ஒருவருக்குப் பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவர் முடி வெட்டிவிட்டதை அங்கிருந்த அதிகாரி எழுதியிருக்கிறார். முந்தைய நாள்வரை சுட்டவனிடம் கழுத்தைக் கொடுத்து உட்காருவது சாதாரணமா? போப் பதினைந்தாம் பெனடிக்ட் அதே மாதம் விடுத்த போர்நிறுத்த வேண்டுகோளை அரசுகள் தட்டிக்கழித்தபோது சிப்பாய்கள் தாமாகவே துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள் என்பதால், இதைப் போருக்கு எதிரான குரலாகவே கருதுகிறேன்.

நெய்தல்:
நிகழ்வை மறுக்கவில்லை, தாங்கள் எட்டும் முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. நடுவெளியில் கிடந்த தோழர்களின் உடல்களை அடக்கம் செய்வதே பல இடங்களில் முதல் தேவையாக இருந்தது. கிடைத்த அவகாசத்தில் தண்ணீர் தேங்கிய அகழிகளைச் செப்பனிட்டார்கள், எதிரியின் முள்வேலியையும் நோட்டமிட்டார்கள். அதே நாளில் வேறு பகுதிகளில் சண்டை தொடர்ந்து உயிர்களும் போயின. சொந்த மண்ணைப் பறிகொடுத்திருந்த பிரெஞ்சு, பெல்ஜியப் படைகளிடையே இத்தகைய சந்திப்புகள் குறைவு. 1915 ஏப்ரல் 22 அன்று அதே ஈப்ரெயில்தான் ஜெர்மானியப் படை குளோரின் என்ற நச்சு வாயுவைத் திறந்துவிட்டது.

கரிசல்காடு:
அப்படியானால் தளபதிகள் எதற்காக அஞ்சினார்கள்? எதிரியோடு நெருங்கினால் தாக்கும் வேகம் மழுங்கிவிடும் என்று பிரிட்டிஷ் தளபதி ஸ்மித்-டோரியன் டிசம்பர் தொடக்கத்திலேயே எச்சரித்துத் தடை விதித்திருந்தார். அந்தத் தடையை மீறித்தான் வீரர்கள் வெளியே வந்தார்கள்.

மணிமுத்தாறு:
பிரான்ஸின் நியூவ் சாப்பெல் அருகே பிரிட்டிஷ் தரப்பில் இருந்த 39ஆம் கார்வால் ரைபிள்ஸ் படையின் இந்திய வீரர்களும் அன்று ஜெர்மானியர்களைச் சந்தித்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். கிறிஸ்துமஸ் அவர்களுடைய பண்டிகையே அல்ல. ஆகவே பொதுவான மத உணர்வு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. குளிரும் சேறும் இரு பக்கத்துக்கும் ஒன்றாகவே இருந்தன.

நெய்தல்:
அது நல்ல சான்று. மத உணர்வு பற்றிய தங்கள் கருத்தை ஏற்கிறேன். ஆனால் 1915 கிறிஸ்துமஸில் கடும் உத்தரவுகள் வந்ததும் சந்திப்புகள் பெரும்பாலும் நின்றுபோயின. 1917இல் பிரெஞ்சுப் படைப்பிரிவுகள் பல தாக்குதலுக்குச் செல்ல மறுத்தன. அதற்காகச் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். என் அளவில் எதிர்ப்பு என்ற பெயர் அவர்களுக்கே உரியது.